அடைத்த பல் உள்ளவர்கள் பல்லை வெள்ளையாக்கும் ஒழுங்கு

"டொக்டர், பல்லெல்லாம் வெள்ளையா வந்திட்டுது. இந்த ஒரு மூலை மட்டும் ஏன் மஞ்சளா நிக்குது?"

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த ஒரு பெண், என் கிளினிக் யன்னலடியில் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கேட்டது இது. தங்கையின் கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள். வேறோர் இடத்தில் முதல்நாள்தான் பல்லை வெள்ளையாக்கியிருந்தார். மேல் முன்பல்லின் ஓரத்தில் பத்து வருசத்துக்கு முன் அடைத்த அடைப்பு ஒன்று. பல்லும் அடைப்பும் ஒரே நிறமாக இருந்த காலத்தில், அங்கே ஓர் அடைப்பு இருப்பதையே அவர் மறந்துவிட்டார். இப்போது சுற்றியுள்ள பல் வெளுத்துவிட, அடைப்பு ஒரு பருப்பளவு மஞ்சளாகத் தனியே தெரிந்தது.

அந்த ஆறு நாளில் என்னால் செய்ய முடிந்தது, அடைப்பின் மேற்பரப்பை நன்றாக மினுக்கி விடுவது மட்டும்தான். புதிதாக அடைத்துத் தர மனம் வரவில்லை. ஏன் என்பதைச் சொன்னேன், கண் கலங்கிவிட்டது பிள்ளைக்கு. அவர் ஆறு கிழமைக்கு முன் ஒரு ஃபோன் எடுத்துக் கேட்டிருந்தால் இரண்டையும் வடிவாகச் செய்திருக்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், பல்லை வெள்ளையாக்கும் மருந்து என்ன செய்கிறது என்று பார்ப்போம். கிளினிக்கில் பூசுகிற ஜெல்லாக இருந்தாலும், வீட்டில் இரவில் ட்ரேயில், அதாவது உங்கள் பல்வரிசை அளவுக்குச் செய்து பல்லின் மேல் மாட்டும் மெல்லிய உறையில், போட்டுக்கொள்வதாக இருந்தாலும், உள்ளே வேலை செய்வது ஐதரசன் பேரொட்சைட்டு. நம் பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் படித்த அதே பொருள். வீட்டு ட்ரேக்குப் பெரும்பாலும் 10 சதவீத காபமைட் பேரொட்சைட் கொடுப்போம். அது வாய்க்குள் பிரிந்து ஏறத்தாழ 3.5 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டைத் தரும், மிச்சம் யூரியா. கதிரையில் இருத்திச் செய்யும் ஜெல்லில் பேரொட்சைட்டு 35, 40 சதவீதம் வரை இருக்கும். இது பல்லின் கடினமான வெளிப்படையான மிளிரியை (எனாமல்) ஊடுருவி, அதற்கு உள்ளேயிருக்கும் மஞ்சள் படையான டென்ரின் வரை போய், நிறம் தரும் சேர்வைகளை ஒட்சியேற்றிச் சிறு துண்டுகளாக உடைக்கிறது. பல் வெளுப்பது இதனால்தான். மேலே தேய்த்துக் கழுவுவது போன்ற வேலையல்ல.

அடைப்பில் அப்படி உடைக்க எதுவும் இல்லை. பல் நிற அடைப்பு, அதாவது கொம்பொசிற், பிசினும் கண்ணாடித் தூளும் சேர்ந்தது. அதன் நிறம் தொழிற்சாலையிலேயே கலந்த நிறம். பல்லை முழுவதும் மூடும் பீங்கான் கிரவுணும், முன்பக்கம் மட்டும் ஒட்டும் மெல்லிய தகடான வெனியரும் அப்படித்தான். பிளேன்ரீ, வெற்றிலை, கறித்தூள் படிந்த மேற்கறை போகும்; அதனால் அடைப்பு கொஞ்சம் பளிச்சென்று தெரியலாம். அடிநிறம் அசையாது. ஆகவே முன்பல்லில் அடைப்போ கிரவுணோ உள்ள ஒருவர் வெள்ளையாக்க வந்தால், "இதை மாற்ற வேண்டி வரும், அதற்கும் சேர்த்து நாளும் காசும் ஒதுக்குங்கோ" என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். அது சரிவராது என்பவர்களுக்கு, நன்றாகச் சுத்தம் செய்து மினுக்கிவிட்டு அதோடு நிற்பதுதான் நல்லது.

நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, வாயில் எத்தனை அடைப்பு இருக்கிறது என்று அறிவது. கண்ணாடியில் பார்த்தால் முழுவதும் தெரியாது. வைத்தியரிடம் போய், காற்றடித்துப் பல்லைக் காயவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த பல்லில் அடைப்பின் விளிம்பு கோடு போட்டதுபோல் தெரியும். தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுக்கட்டும். சூத்தைப் பல் இருக்கிறதா, அடைப்பின் ஓரம் கசிகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். கசிகிற அடைப்பின் ஊடாக மருந்து நேரே நரம்புப் பக்கம் போகும். அன்று இரவு வருகிற குத்து, வேறெதையும் நினைக்க விடாது.

வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களுக்கு இந்தப் பரிசோதனை இரட்டிப்பு முக்கியம். கன்னத்தின் உட்பக்கத்தில் வெள்ளைத் தழும்போ சிவப்புத் திட்டோ, இரண்டு கிழமைக்கு மேலாக ஆறாத புண்ணோ இருந்தால் வெள்ளையாக்கல் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு அதைக் காட்டுங்கள். பல்லின் நிறத்துக்காக வந்து, வாயில் இருந்ததை நேரத்தோடு கண்டுபிடித்துப் பிழைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், வயிற்றில் பிள்ளை உள்ளவர்களுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும் நான் செய்வதில்லை. சாமத்தியவீட்டுக்குப் பிள்ளையின் பல்லை வெள்ளையாக்கக் கேட்டு வரும் அம்மாமாருக்கும் இதே பதில்தான்.

அடைப்பின் வகையைப் பொறுத்து மருந்து படுத்தும் பாடும் மாறும். வைத்தியரிடம் "என்ன வகை அடைப்பு?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொம்பொசிற்றைப் பொறுத்தவரை, கடும் ஜெல் பட்டால் மேற்பரப்பு கொஞ்சம் சொரசொரப்பாகலாம், கொஞ்சம் மென்மையாகலாம். நல்ல நிலையில் உள்ள அடைப்பு இதனால் உடைந்து விழாது. ஆனால் சொரசொரப்பான இடத்தில் தேயிலைச் சாயமும் மஞ்சளும் சீக்கிரம் ஏறும். ஆகையால் பின்பல்லில் இருக்கும், மாற்றத் தேவையில்லாத அடைப்புகளையும் வெள்ளையாக்கல் முடிந்த பிறகு ஒருமுறை மினுக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

கிளாஸ் அயனோமர் என்பது இன்னொரு வெள்ளை அடைப்பு வகை, அது வேறு மாதிரி. பிரஷை அழுத்திக் கிடையாகத் தேய்ப்பவர்களுக்கும், உமிக்கரியும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பழகியவர்களுக்கும் முரசோரத்தில் (ஈறோரத்தில்) பல் தேய்ந்து பள்ளம் விழும். அந்தப் பள்ளங்களை இதனால்தான் அதிகம் அடைப்போம். அமிலம் இதற்குப் பகை. அமிலத்தன்மை கூடிய ஜெல் பட்டால் மேற்படை கரைந்து மங்கிவிடும். நடுநிலையான ஜெல்லைத் தெரிவு செய்து, அந்த அடைப்புகளின் மேல் பாதுகாப்புப் பூச்சும் போட வேண்டும்.

வெள்ளி அடைப்பைப் பற்றித்தான் அதிகம் பயந்து கேட்பார்கள். சின்ன வயதில் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக அடைத்தார்களே, அது. அமல்கம் என்போம், அதன் எடையில் ஏறக்குறையப் பாதி இரசம், அதாவது மேக்கரி. பேரொட்சைட்டு பட்டால் அமல்கத்திலிருந்து இரசம் கூடுதலாக வெளியேறுவதை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். பல்லோடு சேரும் ஓரத்தில் பச்சைச் சாயல் வந்ததாகவும் பதிவு உண்டு. இதற்காக வெள்ளி அடைப்பையெல்லாம் தோண்டி எடுக்கச் சொல்லி யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். தோண்டும்போதும் இரச ஆவி வரும், நல்ல பல்லும் கொஞ்சம் போகும். நான் செய்வது சுலபமான வழி: வீட்டு ட்ரேயைக் கடைவாய்ப் பல் வரை நீட்டாமல், சிரிக்கும்போது தெரியும் பற்களோடு வெட்டிவிடுவேன். மருந்து வெள்ளி அடைப்பைத் தொடாது. கதிரையில் செய்வதென்றால் இன்னும் எளிது, அந்தப் பற்களில் பூசுவதே இல்லை.

தற்காலிக அடைப்பில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எங்களில் சிலரே இதை மறந்துவிடுவோம். கராம்பு எண்ணெய் வாசம் வருகிற தற்காலிக அடைப்பு தெரியும்தானே? அந்த எண்ணெயின் சத்து, பிறகு வைக்கப்போகும் கொம்பொசிற் இறுகுவதைக் கெடுக்கும். வெள்ளையாக்கலும் கெடுக்கும், கராம்பும் கெடுக்கும் என்றால் இரட்டைச் சுமை. ஆகவே கசியும் பழைய அடைப்பை எடுத்துவிட்டு இடைக்காலத்துக்கு அடைக்கும்போது கிளாஸ் அயனோமரால் அடைக்கச் சொல்லுங்கள். அப்புறம், அக்கிரிலிக்கில் செய்த தற்காலிகக் கிரவுண் போட்டிருப்பவர்கள் ட்ரே மருந்து போட்டால் அது செம்மஞ்சளாக மாறிவிடும். பல் வெளுக்க வெளுக்க அது மட்டும் எதிர்ப்பக்கம் போகும்.

இனி, ஏன் உடனே மாற்றி அடைக்க முடியாது என்ற விசயம். இதை நான் படித்துத் தெரிந்ததைவிடப் பட்டுத் தெரிந்ததுதான் ஆழமாக நிற்கிறது.

தொழிலுக்கு வந்த தொடக்க காலம். வங்கியில் வேலை செய்த ஒருவர், வெள்ளையாக்கி மூன்று நாளில் தன் முன்பல் அடைப்பை மாற்றித் தரச் சொன்னார். கொழும்புக்கு இடமாற்றம், அவசரம். நானும் அடைத்துக் கொடுத்தேன். நீல வெளிச்சம் அடித்து, மினுக்கி, நிறம் பார்த்து, இருவருக்கும் நல்ல திருப்தி. ஐந்தாம் கிழமை அவர் திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த ரிசுவை எடுத்து என் மேசையில் விரித்தார். உள்ளே என் அடைப்பு, முழுசாக. பருத்தித்துறை வடையைக் கடித்தபோது கழன்றதாம். அதை விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்தேன். பல்லோடு ஒட்டியிருக்க வேண்டிய அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. பல்லின் துகள் ஒன்றுகூட அதில் இல்லை. உடைந்து வரவில்லை. ஒட்டவே இல்லை. அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அந்த வழவழப்பு இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

காரணம் இதுதான். வெள்ளையாக்கிய பிறகு மிளிரிக்குள்ளும் டென்ரினுக்குள்ளும் ஒட்சிசன் எச்சம் தங்கியிருக்கும். கொம்பொசிற்றும் அதை ஒட்டும் பசையும் இறுகுவதை ஒட்சிசன் தடுக்கும். பசை மிளிரியின் நுண்துளைகளுக்குள் விரல்விட்டுப் பிடிப்பதுபோல் இறங்கி இறுக வேண்டும். ஒட்சிசன் இருந்தால் அந்த விரல்கள் கட்டையாகவும் அரைகுறையாகவும் நின்றுவிடும். எச்சம் நாளாக ஆக வெளியேறிவிடும், பிடிப்பும் பழைய நிலைக்கு வரும். இரண்டு கிழமை பொறுப்பது வழக்கம். கடும் ஜெல்லில் செய்திருந்தால் மூன்று கிழமை கிடைத்தால் எனக்கு இன்னும் நிம்மதி. விற்றமின் சியின் உப்பான சோடியம் அஸ்கோபேற்றைப் பூசி இந்தக் காத்திருப்பைக் குறைக்கலாம் என்று ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள். நான் நாளைத்தான் நம்புகிறேன்.

நிறமும் அந்த இரண்டு கிழமையைக் கேட்கிறது. வெள்ளையாக்கி எழும்பும்போது பல் நீர் வற்றி, உண்மையில் இருப்பதைவிட வெள்ளையாகத் தெரியும். சில நாளில் நீர் ஏறி ஒரு படி இறங்கி நிற்கும். அன்றைக்கே நிறம் பார்த்து அடைத்தால், பத்து நாளில் அடைப்பு பல்லைவிட வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். நிறம் பார்க்கும் பல்வரிசைக் கட்டில் வழக்கமாக 16 மாதிரிகள் இருக்கும். முதல் நாள் உங்கள் பல் எந்த மாதிரிக்குப் பொருந்துகிறது என்று அட்டையில் எழுதச் சொல்லுங்கள், அந்த மாதிரியைப் பல்லருகே பிடித்து ஒரு படமும் எடுக்கச் சொல்லுங்கள். அந்த மாதிரிகளில் ஏ3இல் தொடங்கி, அதைவிட வெளிறிய ஏ1இல் நின்றால் அது நல்ல வெளுப்பு. நான் காலை பத்துமணிக்கு யன்னல் வெளிச்சத்தில், பல்லைக் காயவிடாமல், உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டுப் பார்ப்பேன். மேலே எரியும் விளக்கில் பார்த்த நிறம் வெளியே போனதும் ஏமாற்றும்.

ஆக, நாள் கணக்கு. கல்யாணத்துக்குப் பொன்னுருக்கும் நாளைப் பின்னோக்கி எண்ணி வைப்போமே, அதேபோல எண்ணுங்கள். கல்யாணத்துக்கு ஒரு கிழமை முன் எல்லா அடைப்பும் முடிந்து மினுக்கியிருக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு கிழமை காத்திருப்பு. அதற்கு முன் வீட்டு ட்ரே இரண்டு கிழமை, சிலருக்கு மூன்று. அதற்கும் முன் ஒரு கிழமை பரிசோதனை, சுத்தம் செய்தல், கசியும் அடைப்பை இடைக்காலத்துக்கு அடைத்தல். மொத்தம் ஆறு, ஏழு கிழமை. தையில் கல்யாணம் என்றால் கார்த்திகையில் வந்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து மூன்று கிழமை லீவில் வருகிறவர்களுக்கு இடமிருக்கிறது, இறுக்கமாக. வந்த இரண்டாம் மூன்றாம் நாளே கதிரையில் வெள்ளையாக்கி, 17ஆம் நாள் போல அடைப்பை மாற்றி, விமானம் ஏறப்போக முதல்நாள் மினுக்கலாம். இரண்டு கிழமை லீவு என்றால் இரண்டையும் இங்கே செய்ய நினைக்க வேண்டாம். அங்கேயே பல் வைத்தியரிடம் வெள்ளையாக்கலை முடித்துவிட்டு, இரண்டு கிழமை கழிய இங்கே வந்து இறங்குங்கள். அடைப்பை நாங்கள் மாற்றுவோம். இங்கிலாந்திலும் ஐரோப்பிய நாடுகளிலும் 6 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டுக்கு மேல் அனுமதியில்லை, 0.1 சதவீதத்துக்கு மேற்பட்டதை முதன்முறை பல் வைத்தியர் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும் என்பதும் சட்டம். அழகு நிலையங்களில் செய்து முடிக்கும் வேலை அல்ல இது, அங்கேயும் சரி இங்கேயும் சரி.

கதிரையா ட்ரேயா என்று கேட்டால், நேரம் உள்ளவர்களுக்கு ட்ரேதான் என் தெரிவு. 1989இல் அமெரிக்காவில் ஹேவுட், ஹைமன் என்ற இருவர் எழுதி வெளியிட்ட முறை இது. இத்தனை வருசமாக நின்று பிடித்திருக்கிறது. மென்மையான மருந்து, அடைப்புக்கும் பாதிப்புக் குறைவு. எனக்கே மேல் இடப்பக்க இரண்டாம் பல்லில் அடைப்பு உண்டு, பன்னிரண்டு வயதில் சைக்கிளில் விழுந்து நுனி உடைந்தது. நானும் ட்ரேயில்தான் செய்தேன். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சொட்டு போதும். ஒரு அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. முரசில் வழிந்ததை விரலால் துடைத்துவிட்டுப் படுங்கள். நாலாம் ஐந்தாம் இரவு கூச்சம் வந்தால் ஓர் இரவு விட்டு ஓர் இரவு போடுங்கள். பொட்டாசியம் நைத்திரேற்று 5 சதவீதம் உள்ள பற்பசையை இரண்டு கிழமைக்கு முன்னரே பாவிக்கத் தொடங்கினால் கூச்சம் நன்றாகக் குறையும். அந்த நாட்களில் நல்லூரடியில் ஐஸ்கிறீம் குடிக்கப் போவதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஒரு குறித்த பல்லில் மட்டும் குத்து எடுத்தால் அது வெறும் கூச்சமல்ல, கசிவாக இருக்கலாம். நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள்.

நரம்பு எடுத்து வேர் சிகிச்சை செய்த பல் சாம்பல் நிறமாகியிருந்தால் அதற்கு வழி வேறு. பல்லின் பின்பக்கம் திறந்து, வேருக்குள் அடைத்ததன் மேல் 2 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு தடுப்பு வைத்து, அதன் மேல் மருந்து வைத்து மூடுவோம். அந்தத் தடுப்பு முக்கியம். இல்லாவிட்டால் மருந்து பல்லின் கழுத்துப் பக்கம் கசிந்து, வருசங்கள் கழித்து வேர் அரிக்கத் தொடங்கலாம். அதற்கும் நிரந்தர அடைப்பு இரண்டு கிழமை கழித்துத்தான்.

சாப்பாட்டைப் பற்றி. வெள்ளையாக்கிய பிறகு இரண்டு நாளும், புது அடைப்பு வைத்த பிறகு இரண்டு நாளும் நிறச் சாப்பாட்டை விலக்குங்கள். யாழ்ப்பாணத்துச் சமையலில் இது கஷ்டம்தான், ஆனாலும் முடியும். அரிசிமா இடியப்பம், மஞ்சள் போடாத பால்சொதி, மிளகாய் இல்லாத தேங்காய்ச் சம்பல், வெள்ளைச் சோறும் தயிரும், மோர், வாழைப்பழம். நண்டுக்கறி, ஒடியல் கூழ், பீற்றூட், நாவற்பழம், பிளேன்ரீ எல்லாம் மூன்றாம் நாள். மூக்கு முட்டக் கறித்தூள் போட்ட குழம்பில் புது அடைப்பு ஊறினால் ஒரே கிழமையில் ஓரம் மஞ்சளாகும். மஞ்சளின் பிடி அப்படி.

தேசிக்காயும் அப்பச்சோடாவும் குழைத்துத் தேய்த்துவிட்டு வருகிறவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன். தேசிக்காய்ப் புளி மிளிரியைக் கரைக்கும், கிளாஸ் அயனோமரை இன்னும் வேகமாகக் கரைக்கும். கரித்தூள் கொம்பொசிற்றைக் கீறும். மிளிரி மெலிய மெலிய உள்ளேயுள்ள மஞ்சள் டென்ரின்தான் வெளியே தெரியும். தயவுசெய்து வேண்டாம்.

ட்ரேயை எறியாதீர்கள். குளிர்ந்த நீரில் கழுவி, பெட்டியில் போட்டு வெயில் படாமல் வையுங்கள். சுடுநீரில் போட்டால் வளைந்துவிடும். ஒன்றிரண்டு வருசத்தில் நிறம் கொஞ்சம் இறங்கும்போது இரண்டு மூன்று இரவு போட்டால் போதும். முன்பல் அடைப்பைப் புது நிறத்துக்கு மாற்றியிருக்கிறோம் என்பதால், அப்போதும் அந்த நிறத்துக்கு வந்தவுடன் நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் போட்டால் பல் அடைப்பை முந்திவிடும். அடைப்பின் நிற எண்ணை ட்ரேப் பெட்டியின் மூடியிலேயே பேனையால் எழுதி ஒட்டிக் கொடுப்பது என் வழக்கம். உங்கள் வைத்தியரிடமும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.